மூன்று குருவித் தோரணம்

ஐரிஷ்காரரின் பெருநாளுக்கு நான் இரண்டு முறை சமைத்திருக்கிறேன். தோரணமும் கட்டியிருக்கிறேன். எழுபதுகளில், மெல்பேர்ணில். முதல் முறையைப் பற்றித்தான் எழுத இருக்கிறது. இரண்டாம் முறைக்குச் சில வரி போதும்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். என் மனைவி தாதி. கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் படித்துத் தேறியவள். அந்த ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு சைவக்கடையில் நான் குசினியில் நின்றேன். அவளுக்குச் சாப்பாட்டுப் பார்சல் கட்டிக் கொடுத்துப் பழக்கம். பழக்கம் கலியாணத்தில் வந்து நின்றது. அவளுடைய ஆட்கள் சம்மதிக்கவில்லை. பதிவுக் கந்தோரில் கையெழுத்து வைத்தோம். கடையில் என்னோடு வேலை செய்த இரண்டு பேர் சாட்சி. மாலை இல்லை, மேளம் இல்லை, வாசலில் தோரணம் இல்லை. ஊரில் எத்தனையோ கலியாண வீட்டுக்குத் தோரணம் மடித்தவன் நான். எனக்கு ஒருவரும் மடிக்கவில்லை. அன்று அது பெரிதாகப் படவில்லை.

அவுஸ்திரேலியாவுக்கு அவள்தான் முதலில் வந்தாள். கறுத்த ஆட்களையும் எடுக்கத் தொடங்கிய காலம். ஆஸ்பத்திரியில் கலியாணம் கட்டாத தாதிமாருக்கு விடுதி இருந்தது. அவளை 'மிஸ்' என்று பதிந்து அதில் ஒரு அறை கொடுத்தார்கள். அவள் திருத்தவில்லை. நான் கட்டிய தாலியைக் கழற்றி ஒரு சின்னத் தகரப் பெட்டியில் வைத்தாள். பிறகு நான் வந்தேன். நோபல் பார்க்கில் ஒரு வீட்டின் பின்பக்கத்தை வாடகைக்கு எடுத்தோம். எனக்கு டண்டினோங் பக்கம் ஒரு தொழிற்சாலைக் கன்ரீனில் கோப்பை கழுவும் வேலை கிடைத்தது. அவளுக்கு விடுதி அறையும் இருந்தது. இரவு வேலை வரும் நாட்களில் அங்கே தங்குவாள். நான் அவளுடைய புருசன் என்பது குடிவரவுக் கந்தோருக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குத் தெரியாது.

நான் கேட்டேன்.

"எப்ப சொல்லப் போறீர்?"

"சொல்லுறன். இப்ப சொன்னா, ஏன் இவ்வளவு நாளும் மறைச்சனி எண்டு கேப்பினம்."

"கேக்கட்டும்."

"உங்களுக்கென்ன. அவைக்கு முன்னால நிக்கிறது நான்."

அதோடு விட்டுவிடுவேன். அவளுக்கு இங்கிலீசு வரும். எனக்கு வராது. அந்த ஊரில் வாய் இருந்தது அவளுக்குத்தான்.

அங்கே தாதிமாருக்கெல்லாம் தலைவியான மேட்ரன் ஒரு ஐரிஷ்காரி. கலியாணம் கட்டாதவ. வயது போனவ. என் மனைவியில் நல்ல விருப்பம். ஒவ்வொரு மார்ச் மாதமும் அவவுடைய நாட்டுப் பெருநாளை விடுதி மண்டபத்தில் கொண்டாடுவா. சாப்பாட்டையும் அலங்காரத்தையும் ஒரு தாதியிடம் ஒப்படைப்பா. அந்த வருடம் என் மனைவியிடம் ஒப்படைத்தா.

அன்று அவள் வீட்டுக்கு வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. சப்பாத்தைக் கழற்றவில்லை. குசினிக் கதிரையில் இருந்தாள்.

"இஞ்சேருங்கோ. ஒரு உதவி செய்யோணும்."

சொன்னாள். ஒரு வார்டைப் பொறுப்பெடுக்கிற சார்ஜ் சிஸ்டர் இடம் ஒன்று வரப் போகிறது. மேட்ரன்தான் ஆளைச் சொல்வா. இந்த விருந்து நன்றாக நடந்தால் தனக்குத்தான் என்றாள். நான் சமைக்க வேண்டும். மண்டபத்தைச் சோடிக்க வேண்டும்.

"எனக்கு அவையின்ர சாப்பாடு தெரியாது."

"நான் புத்தகத்தில வாசிச்சுச் சொல்லுறன். நீங்கள் ஒருக்காக் கேட்டாப் பிடிச்சிடுவியள்."

அவள் என் கையைப் பிடித்தாள்.

"அண்டைக்கே சொல்லுறன். சாப்பிட்டு முடிய, எல்லாருக்கும் முன்னால. இவர்தான் சமைச்சது, இவர் என்ர மனுசன் எண்டு. நல்லாச் சாப்பிட்ட ஆக்கள் கோவிக்க மாட்டினம்."

இதுதான் பேச்சு. இதற்காகத்தான் ஒத்துக்கொண்டேன்.

பிறகு வந்த பின்னேரங்கள் நல்லவை. அதை மறைக்கக் கூடாது. அவள் நூலகத்தில் எடுத்த சமையல் புத்தகத்தை வைத்து வாசிப்பாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்பேன். உப்பில் ஊறிய மாட்டிறைச்சி. அவித்த கோவா, முட்டைக்கோசுக்கு நாங்கள் சொல்கிற பெயர். வெங்காயத்தாள் வெட்டிப் போட்ட உருளைக்கிழங்கு மசியல். ஈஸ்ட் இல்லாமல், அப்பச்சோடா போட்டுச் சுடுகிற பாண். கடைசியில் பச்சை நிற ஜெலி.

"கோவாக்கு என்ன போடுறது?"

"உப்பு. பட்டர்."

"கடுகு?"

"இல்லை."

"ஒரு செத்தல் மிளகாய்?"

"ஒண்டும் இல்லை. எங்கட வாசம் ஒண்டும் வரக்கூடாது."

"தாளிக்காத கோவா மாட்டுக்குத்தான் போடுறது."

"மாட்டோடதானே போடப் போறம்," என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தோம். அவள் அப்படிச் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒன்றும் ஞாபகத்தில் இல்லை.

மேட்ரன் கொடுத்த படங்களைக் கொண்டுவந்தாள். ஒன்றில் நரம்பு கட்டிய வாத்தியம். பச்சைக் கடதாசி மட்டையில் அதை வெட்டிச் சுவரில் ஒட்ட வேண்டும்.

"இது யாழ் எல்லோ," என்றேன்.

"அவையின்ர பழைய கொடியில இருக்கிறது. அங்க வந்து யாழ்ப்பாணம் எண்டு கதைக்க வெளிக்கிடாதேங்கோ."

மற்றப் படத்தில் மூன்று இலை உள்ள ஒரு புல். அந்தப் புல்லைக் காட்டித்தான் அவர்களுடைய முனிவர், கடவுள் மூன்றாயும் ஒன்றாயும் இருப்பதைச் சொன்னாராம். எங்கே பார்த்தாலும் மூன்று இலை இருக்க வேண்டும் என்பது மேட்ரனுடைய சொல். மற்ற வருடங்களில் கடையில் வாங்கிய கடதாசியைத் தொங்க விடுவார்களாம். இந்த முறை வேறு மாதிரி ஏதாவது செய்தால் மேட்ரனுக்குப் பிடிக்கும் என்றாள்.

"தோரணம் கட்டலாம்," என்றேன். "பச்சை இலையில."

அவள் யோசித்தாள். அடுத்த நாள் மேட்ரனிடம் கேட்டுவிட்டு வந்தாள். மேட்ரனுக்குச் சந்தோசம். ஆனால் ஒவ்வொரு தொங்கலிலும் மூன்று மூன்றாக வர வேண்டும் என்றாவாம்.

நான் கையில் இருந்த கத்தியை வைத்தேன்.

தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். தோரணத்தில் ஓலையை மடித்துத் தொங்க விடும் மடிப்பை எங்கள் பக்கத்தில் குருவி என்போம். நல்ல காரியத்துக்கு ஒரு தொங்கலில் நாலு குருவி. தலை மேலே பார்க்கும். செத்தவீட்டுக்கு மூன்று குருவி. தலை கீழே பார்க்கும். தெருவில் போகிறவன் தோரணத்தைப் பார்த்துத்தான், சிரித்துக்கொண்டு உள்ளே போவதா, சால்வையை இறக்கி இடுப்பில் கட்டுவதா என்று முடிவெடுப்பான். மடிப்பில் பிழை விட்டால் கட்டினவனுக்கு அடி விழும். நான் பழகும்போது எனக்கு விழுந்திருக்கிறது.

"மூண்டு கட்ட ஏலாது," என்றேன்.

"ஏன்?"

"உமக்குத் தெரியாதே?"

"தெரியும். இஞ்ச ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன செய்யிறது. இது அவையின்ர கொண்டாட்டம். அவைக்கு மூண்டுதான் நல்லது."

"அண்டைக்குத்தானே என்னைச் சொல்லப் போறீர்."

"ஓம்."

"எங்களுக்கு எண்டு கட்டுற முதல் தோரணம் அது."

அவள் புத்தகத்தை மூடினாள். "மேட்ரன் எண்ணிப் பாப்பா," என்றாள்.

மூன்றே மடிப்பது என்று முடிவாயிற்று.

தென்னோலைக்கு எங்கே போவது. பக்கத்து வீட்டு முற்றத்தில் ஒரு ஈச்சை மாதிரி மரம் நின்றது. கேட்டு ஒரு மட்டை வெட்டினேன். முள். இலை விறைப்பு. மடிக்க முறிந்தது. பச்சைக் கடதாசியில் மடித்துப் பார்த்தேன். நிற்கவில்லை. பிறகு ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது நோபல் பார்க் ஸ்டேசனுக்குப் பக்கத்தில் ஒரு பற்றையைக் கண்டேன். வாள் மாதிரி நீண்ட இலை. ஒன்றைக் கிழித்துப் பார்த்தேன். நார் பிடித்து நேராகக் கிழிந்தது. மடித்தேன். முறியவில்லை. ஸ்டேசன்காரனிடம் கையால் கேட்டேன். அவனும் கையால், எடு என்றான். அப்படியான ஆட்களும் இருந்தார்கள்.

மூன்று குருவியை மேலே பார்க்க வைக்கலாமா என்று கட்டிப் பார்த்தேன். பாதிக்குப் பாதியாவது நல்லதாக இருக்கட்டும் என்று. நாலு என்றால் ஒன்றுக்கொன்று பாரம் பிடித்து நிற்கும். மூன்று நிற்கவில்லை. சரிந்து ஒரு பக்கம் விழுந்தது. கீழே பார்க்கத்தான் விட்டேன்.

இறைச்சி விசயம். நான் பிறந்ததிலிருந்து மாடு தொட்டதில்லை. கடையிலும் சைவம், வீட்டிலும் சைவம். இறைச்சிக் கடைக்காரன் ஒரு துண்டை எடுத்துக் காட்டினான். சிவப்பு. கையில் வாங்கினேன். குளிர்ந்தது. வீட்டில் சாமிப்படத்தை அறைக்குள் கொண்டுபோய் வைத்துக் கதவைச் சாத்தினேன். அதற்கென்று ஒரு பெரிய பானை வாங்கியிருந்தேன். ஒரு சனிக்கிழமை அவித்துப் பழகினேன். வீடு முழுக்க அந்த மணம். ருசி பார்க்க என்னால் முடியவில்லை. அவளைக் கூப்பிட்டேன்.

அவள் ஒரு துண்டை வெட்டி வாயில் போட்டாள். மென்றாள். "இன்னும் கொஞ்சம் அவியோணும். விடுதியில இதைவிட மெதுவா இருக்கும்," என்றாள்.

அவள் மாடு சாப்பிடுவது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் அடுப்பைக் குறைத்து வைத்தேன்.

விருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அதற்கு முதல் நாள் அவள் என் வெள்ளைச் சேட்டை அயன் பண்ணினாள். கொலரை இரண்டு தரம் அழுத்தினாள். இதையும் நான் எழுத வேண்டும். அவளுக்குச் சொல்லும் எண்ணம் இருக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. காலையில் வெளிக்கிடும்போது எண்ணம் இருந்தது.

மண்டபக் குசினிக் கதவின் பின்னால் ஒரு ஆணி. சேட்டை அதில் கொழுவினாள்.

"சாப்பிட்டு முடிய நான் கதவில தட்டுவன். இதைப் போட்டுக்கொண்டு வாங்கோ."

"ஓம்."

ஏணி வைத்துத் தோரணம் கட்டினேன். வாசலில் ஒன்று, மண்டபத்துக்குக் குறுக்கே பல. பச்சை யாழைச் சுவரில் ஒட்டினேன். மேசைக்குப் பச்சைத் துணி. மேட்ரன் வந்தா. உயரமான பொம்பிளை. மேலே பார்த்தா. விரலால் எண்ணினா. மூன்று. அடுத்ததையும் எண்ணினா. மூன்று. கை தட்டினா. ஏணியில் நின்ற என்னைப் பார்த்து ஏதோ கேட்டா. என் மனைவி பதில் சொன்னாள். 'ஹெல்ப்' என்ற சொல் மட்டும் எனக்கு விளங்கியது. சரி, சாப்பிட்டு முடியத்தானே சொல்லப் போகிறாள் என்று இறங்கினேன். மேட்ரன் என் தோளில் தட்டினா. நல்ல பாரமான கை.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். குசினிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் சாப்பாடு நீட்டுகிற ஒரு ஜன்னல் இருந்தது. அதால் பார்த்தேன். எல்லாம் வெள்ளை ஆட்கள். பச்சைச் சட்டை, பச்சைத் தொப்பி. பிறகு எங்கள் நிறத்தில் ஒரு சோடி வந்தது. அந்த ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டொக்டரும் அவருடைய மனைவியும். கொழும்பில் இருந்த யாழ்ப்பாண ஆட்கள். அவர்கள் வருவார்கள் என்று என் மனைவி சொல்லவில்லை. பிறகு கேட்டேன். தனக்கும் தெரியாது, மேட்ரன் கூப்பிட்டது என்றாள்.

டொக்டர் வாசலில் நின்றுவிட்டார். மேலே பார்த்தார். மனைவியின் கையில் தட்டிக் காட்டினார். பெரிய குரல் அவருக்கு.

"என்ன பிள்ளை, ஆர் செத்தது?"

தமிழில் கேட்டார். எனக்குக் கேட்டது. என் மனைவி சிரிக்கப் பார்த்தாள்.

"சும்மா, டொக்டர். அலங்காரம்."

"அலங்காரமோ? பிரேதத்தைத்தான் காணேல்லை. மற்றதெல்லாம் சரி. ஆர் கட்டினது? இஞ்சத்தை ஆள் ஒருத்தன் உப்பிடி மடிக்க மாட்டான்."

வெள்ளை ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேட்ரன் என்ன என்று கேட்டா. என் மனைவி ஏதோ சொல்லிச் சமாளித்தாள். டொக்டர் விடுகிற ஆளில்லை. ஜன்னலடிக்கு வந்துவிட்டார். பின்னால் அவருடைய மனைவி. அதற்குப் பின்னால் என் மனைவி.

"தம்பிதானே கட்டினது?"

"ஓம்."

"எவடம் நீர்?"

ஊரைச் சொன்னேன்.

"அந்தப் பக்கத்து ஆளுக்குத் தோரணம் தெரியாமல் போச்சே? கொண்டாட்டத்துக்குச் செத்தவீட்டுத் தோரணம் கட்டி வைச்சிருக்கிறீர்."

"மூண்டுதான் வேணும் எண்டவை."

"நாலு மடிக்கத் தெரியாதோ?"

"தெரியும்."

அவர் சிரித்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். அந்நிய ஊரில் ஊர்ப் பிழை ஒன்றைக் கண்ட சந்தோசம். திரும்பி என் மனைவியைக் கேட்டார்.

"எங்க பிடிச்சனீர் இந்த ஆளை?"

நான் அவளைப் பார்த்தேன். இது அவளாகத் தேடின நேரமில்லை. ஆனால் நேரம் வந்து நின்றது. ஒரு சொல் போதும். தமிழில் சொல்லியிருக்கலாம். மேட்ரனுக்கு விளங்கியும் இராது.

"டண்டினோங்கில ஒரு கன்ரீனில வேலை செய்யிறவர்," என்றாள். "தெரிஞ்ச ஆள்."

டொக்டரின் மனைவி அவளுடைய தோளைத் தொட்டா.

"பறவாயில்லை. ஆளைக் கை விட்டிடாதையும். உம்மட கலியாணத்துக்கும் இவரையே பிடியும். நாலு குருவியும் தெரியுமாம்."

"பாப்பம், அன்ரி," என்றாள்.

சிரித்துத்தான் சொன்னாள்.

"என்ன பாப்பம்? வயது போகுதெல்லே. எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு எஞ்சினியர் சிட்னியில இருக்கிறார். நாங்கள் கதைக்கிறம்."

அவர்கள் போய்க் கதிரையில் இருந்தார்கள். நான் இறைச்சியை வெட்டினேன். மெதுவாக, ஒரே தடிப்பில். உருளைக்கிழங்கு மசியலைக் குவித்து நடுவில் குழி செய்து பட்டர் வைத்தேன். புத்தகத்தில் அப்படி இருந்தது. ஜன்னலால் தட்டுத் தட்டாக நீட்டினேன். வெறும் தட்டாகத் திரும்பி வந்தது. ஒரு தட்டில்கூடக் கோவா மிஞ்சவில்லை.

அப்போதும் நான் முழுக்க விட்டுவிடவில்லை. டொக்டருக்கு முன்னால் சொல்ல வெட்கம். அவர் கந்தோர்க் கலியாணம், சைவக்கடை, என் ஊர், என் வகுப்பு எல்லாம் கேட்பார். மேட்ரனுக்குச் சொல்வது வேறு. வெள்ளைக்காரருக்கு ஊரும் வகுப்பும் தெரியாது. அவள் தட்டுவேன் என்றாள். தட்டுவாள் என்று இருந்தேன்.

மேட்ரன் எழும்பிப் பேசினா. என் மனைவியின் பெயர் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். பிறகும் ஏதோ சொன்னா. இன்னும் பெரிதாகக் கை தட்டினார்கள். ஜன்னலால் பார்த்தேன். மேட்ரன் அவளைக் கட்டிப் பிடித்து நின்றா. சார்ஜ் கிடைத்துவிட்டது என்று விளங்கியது.

கையைக் கழுவினேன். ஏப்ரனைக் கழற்றினேன். ஆணியில் இருந்த சேட்டை எடுத்துப் போட்டேன். கொலர் விறைப்பாக இருந்தது. கதவுக்குக் கிட்ட நின்றேன்.

தட்டினாள்.

திறந்தேன். அவள் முகம் சிவந்து இருந்தது. கண்ணில் தண்ணீர், சந்தோசத்தில். என்னுடைய சேட்டைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பின்னால் டொக்டரின் குரல் கேட்டது.

"ஜெலியைத் தாங்கோ," என்றாள். "மேட்ரன் கேக்கிறா."

பிறிஜ்ஜைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். பச்சை ஜெலி. தட்டில் ஆடியது. கதவைக் காலால் சாத்திக்கொண்டு போனாள்.

சேட்டைக் கழற்றிப் பழையபடி ஆணியில் கொழுவினேன். கழுவ நிறையக் கிடந்தது.

எல்லோரும் போன பிறகு ஏணியை வைத்துத் தோரணத்தை இறக்கினேன். எங்கள் வழக்கத்தில் செத்தவீட்டுத் தோரணத்தை வீட்டுக்குத் திரும்பக் கொண்டு போவதில்லை. மண்டபத்துக்குப் பின்னால் குப்பைத் தொட்டியில் போட்டேன். மேட்ரன் வந்து கை தந்தா. நான் பானையைத் தூக்கிக்கொண்டு ரெயின் ஏறினேன். என் மனைவி பின்னால் வருவதாகச் சொன்னாள். சேட்டை மறந்துவிட்டேன். பிறகு கேட்கவும் இல்லை.

அவள் பொழுதுபடத்தான் வந்தாள். குசினிக் கதிரையில் இருந்தாள். அதே கதிரை.

"சொல்லத்தான் இருந்தனான்."

"ஓம்."

"அவை வருவினம் எண்டு ஆருக்குத் தெரியும்? வந்து நிண்டு, ஆர் செத்தது எண்டு கேட்டா நான் என்ன செய்யிறது?"

"ஓம்."

"நீங்கள் நாலு கட்டியிருந்தா அந்த மனுசன் குசினிப் பக்கமே வந்திராது."

நான் அவளைப் பார்த்தேன். உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னாள். மூன்று கட்டச் சொன்னது மறந்து போயிருந்தது. அல்லது மறக்க வேண்டியிருந்தது.

"நீர் கேட்டதைத்தான் கட்டினனான்," என்றேன்.

சோறு போட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டாள். அதைப் பற்றிப் பிறகு நாங்கள் கதைக்கவில்லை. எப்போது சொல்லப் போகிறீர் என்று நானும் கேட்கவில்லை. அவளும் அடுத்த முறை என்று சொல்லவில்லை.

சார்ஜ் சிஸ்டருக்கு விடுதியில் பெரிய அறை. வேலையும் கூட. முதலில் கிழமையில் சில இரவு அங்கே தங்கினாள். குளிர் வந்தபோது பாதிக் கிழமை. பிறகு உடுப்பு எடுக்க மட்டும் வந்தாள். சண்டை ஒன்றும் இல்லை. ஒரு நாள் பின்னேரம் அலுமாரியின் அவளுடைய பக்கத்தைத் திறந்தேன். வெறுமையாகக் கிடந்தது. தாலி வைத்த சின்னத் தகரப் பெட்டியும் இல்லை. அதைக் கொண்டுபோனாளே என்று அப்போது எனக்கு ஒரு ஆறுதல். அடுத்த கிழமை அந்தப் பெட்டி என் மெத்தைக்குக் கீழே கிடைத்தது. போகும் முன்பே வைத்திருக்கிறாள். மெத்தையைத் தூக்காமல் இருந்ததால் நான் காணவில்லை.

அடுத்த மார்ச் மாதம் கன்ரீனுக்கு ஒரு டெலிபோன் வந்தது. மேட்ரன் ஆள் வைத்துக் கேட்டிருந்தா. போன வருடம் சமைத்தவர் இந்த முறையும் வருவாரா என்று. கன்ரீன் முதலாளி வந்து கேட்டான். ஏன் ஒத்துக்கொண்டேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. கேட்டார்கள். போனேன்.

போகும் முன் ஸ்டேசன் பற்றையில் இலை வெட்டினேன். அதே பானையைத் தூக்கிக்கொண்டு போனேன். டொக்டர் குடும்பம் அந்த முறை இல்லை. வேறு ஆஸ்பத்திரிக்கு மாறிவிட்டார்கள் என்று பிறகு அறிந்தேன். அவள் சொல்வதென்றால் அது தடையில்லாத நாள். வாசலில் என்னைக் கண்டு, பக்கத்தில் நின்ற தாதிமாருக்கு முன்னால், "குட் மோர்னிங்" என்றாள். நானும் சொன்னேன். அந்த அளவு இங்கிலீசு எனக்கும் வந்திருந்தது.

அந்த முறை எத்தனை குருவி என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. மேட்ரன்கூடச் சொல்லவில்லை. ஏணியில் ஏறி வாசலுக்குக் குறுக்கே கட்டினேன். மூன்று. தலை கீழே.

இறங்கும்போது அவள் வாசலில் நின்றாள். மேலே பார்த்தாள். எண்ணினாள். அந்த மண்டபத்தில் அதை வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். என்னைப் பார்த்தாள். நான் ஏணியை மடித்துக்கொண்டு குசினிக்குள் போனேன். இறைச்சி அடுப்பில் ஏற்ற வேண்டியிருந்தது. அது நேரம் எடுக்கும்.